ஜாடிப் பூவுக்குக் காம்புதான் முக்கியம்
மல்லியோ கனகாம்பரமோ, பூப் பறிக்கிறதுன்னா கழுத்தோட கிள்ளி மடியில போட்டுக்கிறதுதான் நம்ம வீட்டுப் பழக்கம். தொடுக்கவும் சாமி படத்துக்கு வைக்கவும் அது போதும். ஆனா ஹால்ல ஜாடி நிறையப் பூ வைக்கணும்னு ஆசைப்பட்டா அந்தக் கைப்பழக்கம் உதவாது, தங்கச்சி. ஜாடிக்குக் காம்பு வேணும். ஒரு சாணுக்குக் குறையாத, நிமிர்ந்து நிக்கிற காம்பு. செடி நடும்போதிருந்தே அதுக்காகத்தான் வளர்க்கணும்.

முதல்ல எந்தச் செடின்னு பார்த்துடலாம். அக்னி நட்சத்திரத்துல ரோஜாவை நம்பாத. இதழ் சுருங்கி, பாதி அளவுலதான் பூக்கும். சாமந்தி, பகல் பொழுது குறையும்போது மொட்டு வைக்கிற செடி. அதைப் பனிக்காலத்துக்கு விட்டுடு. கோடைக்கு ஜினியா, செண்டுமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி இந்த அஞ்சும் போதும். இதுல முதல் மூணுக்கும் பூர்வீகம் மெக்சிகோ. வெயில் அதுங்களுக்குப் புதுசு இல்ல. வேர்ல தண்ணி இருந்தா மொட்டை மாடியிலயும் தாக்குப் பிடிக்கும்.

ஜினியா விதைச்சு ஏறக்குறைய 60 நாள்ல பூக்கும். மாசி பிறந்ததும் விதைச்சா சித்திரையில வெட்டலாம். நாத்து விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், வேரை அசைச்சா அதுக்குப் பிடிக்காது. பூக்க வேண்டிய பையிலயே நேரா விதை போடு. ஒரு அடி அகலப் பைக்கு ரெண்டு செடி, மிஞ்சிப் போனா மூணு. நெருக்கி வெச்சா இலையில வெள்ளையா மாவு பூசின மாதிரி சாம்பல் நோய் வரும். அதே காரணத்துக்காகத்தான் தண்ணியைச் செடி தலையில ஊத்தாம அடியில மட்டும் ஊத்தச் சொல்றேன்.

அடுத்து சொல்றதைக் கேட்டா உனக்கு மனசு வராது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும், கீழ இருந்து மூணாவது ஜோடி இலைக்கு மேல நுனியை வெட்டிடு. முதல் மொட்டு அதுலதான் இருக்கும், தெரியும். அப்படியே விட்டா நடுவுல ஒரு பூவும் சுத்தி குட்டைக் காம்புகளும்தான் மிஞ்சும். நுனியைக் கிள்ளினா இலை இடுக்குல இருந்து நாலஞ்சு கிளை நேரா எழும்பும். செண்டுமல்லிக்கும் வாடாமல்லிக்கும் இதே வைத்தியம்தான். கோழிக்கொண்டையில மட்டும் பார்த்துச் செய். சேவல் கொண்டை மாதிரி மடிப்பு மடிப்பா வர்ற ரகத்தைக் கிள்ளாத, அதோட அழகே ஒத்தையா வர்ற பெரிய கொண்டைதான். தீபம் மாதிரி கூம்பா நிக்கிற ரகத்தைத் தாராளமா கிள்ளலாம்.

சம்பங்கிக்குக் கிழங்கு நடணும், பூக்க மூணு நாலு மாசம் ஆகும். ஜாடிக்கு அடுக்கு ரகமா கேட்டு வாங்கு. பெங்களூருல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சுவாசினியும் வைபவும் அடுக்கு ரகம். அதே நிறுவனத்தோட பிரஜ்வல் ஒத்தை இதழ், அது மாலைக்கு எடுப்பா இருக்கும்.

இப்போ வெட்டுற விஷயம். கோடைப் பூ ஜாடியில ரெண்டாம் நாளே தலை தொங்குதுன்னா, பெரும்பாலும் வெட்டின நேரம்தான் தப்பு. முந்தின நாள் சாயங்காலம் செடிக்கு நல்லா தண்ணி விடு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டிடு. ராத்திரி முழுக்கக் குடிச்ச தண்ணி அப்போ காம்பு நிறைய இருக்கும். பத்து மணிக்கு மேல செடியே வாட ஆரம்பிச்சுடும், அந்த நேரத்துல வெட்டினா நீ என்ன பண்ணாலும் தேறாது. கூடை வேண்டாம், கையோட வாளியில தண்ணி எடுத்துட்டுப் போ. வெட்டின அடுத்த நொடி காம்பு தண்ணிக்குள்ள இருக்கணும்.

கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கோ. ஒரு ஜோடி இலைக்குச் சரியா மேல, கிளையோட அடி வரைக்கும் இறங்கிச் சாய்வா வெட்டு. மேலோட்டமா வெட்டினா அடுத்து வர்ற காம்பும் குட்டையாதான் வரும். இறங்கி வெட்டினா கீழ இருக்கிற கணுவிலேர்ந்து மறுபடியும் நீளமா எழும்பும். வெட்ட வெட்டத்தான் செடி பூக்கும். ‘செடியிலயே இருக்கட்டும், அழகா இருக்கு’ன்னு விட்டா விதை கட்டிட்டு ஓய்ஞ்சு போயிடும்.

ஜினியா வெட்டலாமா வேண்டாமான்னு கையாலயே தெரிஞ்சுக்கலாம். பூவுக்கு ஒரு சாண் கீழ காம்பை ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா ஆட்டிப் பாரு. கழுத்து துவண்டு பூ இப்படியும் அப்படியும் ஆடினா இன்னும் ஆகலன்னு அர்த்தம், ரெண்டு நாள் விடு. குச்சி மாதிரி விறைப்பா அசைஞ்சா வெட்டிடு. பூ விரிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கழுத்து முத்தாம வெட்டினா சாயங்காலத்துக்குள்ள தலை சாஞ்சிடும், ஏன்னா ஜினியா வெட்டினப்புறம் முத்தாது. சம்பங்கி அதுக்கு நேர் எதிர். தண்டோட அடியில ரெண்டு மூணு பூ விரிஞ்சதும் வெட்டிடு, மிச்சம் ஜாடியில கீழ இருந்து மேல ஒண்ணொண்ணா விரியும். வாடின அடிப்பூவைத் தினமும் கிள்ளிடு. நுனியில இருக்கிற பொடி மொட்டு எப்படியும் விரியாது, அதையும் எடுத்துடு.

உள்ள கொண்டு வந்ததும் ஜாடியில அடுக்க அவசரப்படாத. தண்ணிக்குள்ள போற பாகத்துல ஒரு இலைகூட இருக்கக் கூடாது, எல்லாத்தையும் உருவிடு. செண்டுமல்லியில மேல இருக்கிற இலையையும் எடுத்துட்டா அந்தக் காட்டமான வாசனை பாதி குறைஞ்சிடும். அப்புறம் வாளியோட, வெளிச்சம் இல்லாத குளுமையான மூலையில ரெண்டு மணி நேரம் வை. காம்பு வயிறு முட்டக் குடிக்கட்டும். மொத்த வேலையிலயும் இந்த ஒண்ணைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

மதியத்துல மாடித் தொட்டித் தண்ணி கொதிக்குமே, அதை ஜாடிக்குப் பிடிக்காத. காலையில பிடிச்சு வெச்ச குடிதண்ணி போதும். சர்க்கரை போடலாமா, எலுமிச்சை பிழியலாமான்னு கேப்பே. சர்க்கரை பூவுக்கு ஆகாரம்தான், ஆனா தண்ணியில வளர்ற கிருமிக்கும் அதுதான் ஆகாரம். நம்ம வெயில்ல கிருமி சீக்கிரம் பெருகிக் காம்பு வாயை அடைச்சிடும். அதனால எதுவும் போடாம தினம் தண்ணியை மாத்தி, ஜாடியைத் தேய்ச்சு, காம்பை ஒரு விரற்கடை நறுக்கி வைக்கிறதுதான் நல்லது. ஜினியாவும் செண்டுமல்லியும் தண்ணியைச் சீக்கிரம் கெடுக்குற ஜாதி, அதுக்கு ஒரு நாள்கூடத் தவறாத.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்காத. பாட்டியோட பித்தளைச் சொம்பு இருக்கே, அதோட குறுகின கழுத்து காம்புகளைத் தானே பிடிச்சுக்கும். அகல வாய்ப் பாத்திரம்னா மேல செலோ டேப்பைக் கட்டம் கட்டமா ஒட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் காம்பைச் சொருகு. கடையில விக்கிற பச்சை ஸ்பான்ச் மக்கவே மக்காது, வாங்காத.

அடுக்கும்போது இலை முதல்ல. குரோட்டன்ஸ் கிளை, கதிர் விட்ட துளசி, மரிக்கொழுந்து இதுல ஏதாவது. அப்புறம் பெரிய பூ மூணோ அஞ்சோ, ஒரே மட்டத்துல இல்லாம ஏத்த இறக்கமா. கடைசியில இடைவெளிக்கு வாடாமல்லி. பூவோட உயரம் பாத்திரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தா கண்ணுக்கு நிறைவா இருக்கும். நிறத்துல கை அடக்கம் வேணும். மஞ்சள் செண்டுமல்லி, ஊதா வாடாமல்லி, நடுவுல பச்சை இலைன்னு நிறுத்திக்கோ. சிவப்பும் ஆரஞ்சும் அதுல சேர்ந்தா எதுவுமே எடுத்துக் காட்டாது.

ஃபேனுக்கு நேர் கீழ வைக்காத, இலை வழியா தண்ணி ஓடிப் போயிடும். மாம்பழக் கூடை பக்கத்துலயும் வேண்டாம். பழுக்குற பழம் விடுற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் கிழடாக்கும். சம்பங்கியை ஹால்ல வை. ராத்திரி வாசனை தூக்கும், படுக்கையறையில சிலருக்குத் தலைவலி வரும்.

காம்பு ஒடிஞ்ச பூவும், பழக்க தோஷத்துல கழுத்தோட கிள்ளினதும் உருளித் தண்ணிக்குப் போகட்டும். குண்டுமல்லி மொட்டையும் சாயங்காலம் அதுலயே மிதக்க விடு, இருட்டும்போது விரிஞ்சிடும். செம்பருத்திக்குத் தண்ணியே வேண்டாம், சும்மா தட்டுல வெச்சாலும் அன்னிக்குப் பொழுது வரைக்கும் நிக்கும், தண்ணியில வெச்சாலும் அவ்வளவுதான். அரளியை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராத. செடி முழுக்க விஷம், அது நிக்கிற தண்ணியும் விஷம், தவழுற குழந்தை இருக்கிற வீடு உன்னோடது.

வாடாமல்லி மிஞ்சினா இலையை உருவி, கொத்தாக் கட்டி, காத்தோட்டமான இருட்டு இடத்துல தலைகீழா தொங்க விடு. நிறம் மாறாம காயும். கோழிக்கொண்டை காயும்போது அடியில ஒரு பேப்பர் விரிச்சு வை. கறுப்பா, கடுகை விடப் பொடியா, மினுமினுன்னு விதை கொட்டும். அதை ஒரு காகித உறையில போட்டு, நிறத்தையும் மாசத்தையும் மேல எழுதி வெச்சுக்கோ.