மெமரி போதவில்லையாம்! எந்த மெமரி?



நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அமிர்தி போயிருந்தோம். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். அமிர்தி என்றாலே எல்லோருக்கும் உயிரியல் பூங்காவும் அருவியும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு போட்டோ.

முகாமின் கடைசி நாள் ஒரு பாட்டி பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை என் கையில் கொடுத்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே. எங்க ஊட்டுக்காரர் மூஞ்சி இதுல மட்டுந்தாம்பா இருக்குது. அடுத்த மாசம் தெவசம். பெருசா போட்டுக் குடுப்பியா?" 4க்கு 6 அங்குலப் படம். நடுவில் மடிப்பு, மூலையில் மஞ்சள் கறை. யோசிக்காமல் "சரி பாட்டி" என்று வாங்கி வந்துவிட்டேன்.

தெரிந்த அண்ணன் ஒருவரின் ஸ்டுடியோ கணிப்பொறியில் உட்கார்ந்தேன். 8 ஜிபி ராம், போட்டோஷாப் சிஎஸ்6. 'நல்லா வரணுமே' என்ற ஆசையில் ஸ்கேனரை 1200 டிபிஐ, 48 பிட் கலர் என்று உச்சத்தில் வைத்து ஸ்கேன் செய்தேன். நாலு லேயர் நகலெடுத்து, இரண்டு ஃபில்டர் போட்டதும் வந்தது செய்தி: ராம் போதவில்லை, நீங்கள் கேட்டதைச் செய்ய முடியவில்லை!

கடையில் விசாரித்தால் "இன்னொரு 8 ஜிபி போட்டுக்கோ தம்பி" என்றார்கள். இன்னொருவர் ராம் குச்சியைக் கழற்றி ரப்பரால் தேய்க்கச் சொன்னார். நம் ஊரில் எந்த வியாதிக்கும் இதுதானே முதல் வைத்தியம்! ராம் குச்சியில் கோளாறு என்றால் நீலத்திரை வரும், கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும், மற்ற மென்பொருள்களும் தகராறு செய்யும். சந்தேகம் தீர விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. போட்டோஷாப் மட்டும் புலம்புகிறது என்றால் குச்சியைத் தேய்த்து என்ன பயன்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. செய்தி வரும் நேரத்தில்கூட ராமில் 3 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது! 64 பிட் விண்டோஸில் சிஎஸ்6ஐ நிறுவினால் 32 பிட், 64 பிட் என்று இரண்டு போட்டோஷாப்பும் சேர்ந்து வரும். நான் கிளிக் செய்தது 32 பிட் ஐகான். 32 பிட் மென்பொருளால் அதிகபட்சம் 4 ஜிபி முகவரிகளைத்தான் எண்ண முடியும். நடைமுறையில் அதிலும் குறைவு. ராமை 16 ஜிபி ஆக்கியிருந்தாலும் அதே செய்திதான் வந்திருக்கும், காசும் போயிருக்கும்.

64 பிட் ஐகானில் திறந்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு வேறொரு செய்தி: ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது. 'மறுபடியும் மெமரியா?' என்று சோர்ந்துவிடாதீர்கள். இது வேறு வியாதி. ராமில் இடம் இல்லாதபோது போட்டோஷாப் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி, மிச்சத்தை அங்கே வைக்கும். இது பழைய ஏற்பாடு. 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு மெக்கின்டாஷுக்கு வந்தபோது அதற்கு 2 எம்பி ராம் இருந்தாலே போதும். ஜிபி அல்ல, எம்பி! அவ்வளவு சின்ன இடத்தில் வண்ணப் படத்தைப் புரட்ட, தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் அந்த மென்பொருள் டிஸ்க்கையே நினைவகம் போலப் பயன்படுத்தியது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் சி டிரைவில் 2 ஜிபிகூடக் காலியாக இல்லை, டி டிரைவ் பாதி காலி. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் ஸ்கிராட்ச் டிஸ்க்கை டி டிரைவுக்கு மாற்றினேன். போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். அப்போதே டிரைவை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் ஹேங் ஆகி மூடிய நாட்களில் 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் கோப்புகள் அழியாமல் தங்கிவிடும். மென்பொருளை மூடிவிட்டு அவற்றை அழித்தால் நிறைய இடம் கிடைக்கும்.

ஜிம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் 'டைல் கேஷ்' அளவைப் பாருங்கள். ஸ்வாப் ஃபோல்டர் எந்த டிரைவில் என்றும் பாருங்கள்.

இப்போது செய்தி வரவில்லை. ஆனால் மாட்டுவண்டி வேகம். ஜன்னலின் கீழ் ஓரத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தி 'எஃபிஷியன்ஸி' என்று வைத்தால் ஒரு சதவீதம் தெரியும். 100 என்றால் எல்லாம் ராமிலேயே நடக்கிறது. குறையக் குறைய டிஸ்க்குக்கு ஓடுகிறது என்று அர்த்தம். எனக்கு 100 நிற்கவே இல்லை. அப்போதுதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

4க்கு 6 அங்குலம், 1200 டிபிஐ: 4800 பெருக்கல் 7200, அதாவது சுமார் 3 கோடியே 46 லட்சம் பிக்ஸல். 48 பிட் கலரில் ஒரு பிக்ஸலுக்கு 6 பைட். ஆக ஒரு லேயருக்கே சுமார் 207 எம்பி! மாற்றம் செய்த ஒவ்வொரு லேயருக்கும் இதே அளவு இன்னொரு முறை. ஹிஸ்டரி வேறு. பிரஷ்ஷால் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தப் பகுதி மட்டும் ஹிஸ்டரியில் சேரும். படம் முழுக்க ஃபில்டர் போட்டால் முழுப்படமும் சேரும். (டிஸ்க்கில் 5 எம்பி இருக்கும் ஜேபெக்கை நம்பி ஏமாறாதீர்கள். திறந்ததும் அது விரிந்து பிக்ஸல் கணக்குக்கு வந்துவிடும்.)

எனக்குத் தேவை என்ன? 12க்கு 18 அங்குல பிரிண்ட், 300 டிபிஐ. மூன்று மடங்கு பெரிதாக்குவதால் 900 டிபிஐ ஸ்கேன் போதும். 3600 பெருக்கல் 5400, சுமார் 1 கோடியே 94 லட்சம் பிக்ஸல். 24 பிட் கலரில் 58 எம்பி. படமோ கறுப்பு வெள்ளை! பிறகு கலர் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்கேன் மட்டும் கலரில்தான் செய்ய வேண்டும். மஞ்சள் கறை நீலச் சேனலில் கறுப்பாக விழும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்புச் சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து கிரேஸ்கேலுக்கு மாற்றினேன். கறையில் முக்கால்வாசி தானாகப் போனது, லேயர் 19 எம்பி ஆனது. 207 எங்கே, 19 எங்கே!

மடிப்பைச் சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆனது. இடையிடையே எடிட் மெனுவில் 'பர்ஜ்' கொடுத்து ஹிஸ்டரியைக் காலி செய்துகொண்டேன். இடம் கிடைக்கும், ஆனால் செய்ததைத் திரும்பப் பெற முடியாது.

இன்னொரு வினோதச் செய்தியும் உண்டு. சில விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் '96க்கும் 8க்கும் இடைப்பட்ட முழு எண் தேவை' என்று வரும். ராம் எவ்வளவு என்று போட்டோஷாப்புக்குச் சரியாகத் தெரியாததால் வருகிற குழப்பம் அது. ரெஜிஸ்ட்ரியில் அதற்கொரு திருத்தம் இருக்கிறது. விவரம் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தெவசத்துக்கு நாலு நாள் முன்னதாக ஃப்ரேம் போட்டு அமிர்திக்கு எடுத்துப் போனேன். பாட்டி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "அவரேதாம்பா... காதுல கடுக்கன் இருந்துச்சே, அத்த ஏன் எடுத்துட்ட?"

தூசிப் புள்ளி என்று நினைத்து நான் அழித்திருந்தது கடுக்கனை! ஹிஸ்டரியோ எப்போதோ காலி. நல்லவேளை, தொடாத மூல ஸ்கேனைத் தனியே டிஃப் கோப்பாக வைத்திருந்தேன். அதிலிருந்து காதுப் பகுதியை மட்டும் எடுத்துப் பொருத்தி, என் செலவில் இரண்டாவது பிரிண்ட் போட்டு, தெவசத்துக்கு முதல் நாள் சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.