கரையான்மேல் பழி போடாதீர்கள்

"மரத்துல கட்டினா கரையான் தின்னுடும் சார்."

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி பக்கம் சமுதாயக் கூடம் பற்றிப் பேச்சு வந்து, மரத்திலேயே கட்டலாமே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும். ஊர்ப் பெரியவர் சொன்னால் பொறுமையாக விளக்குகிறேன். பொறியியல் படித்து, மனை வரைபடத்தில் முத்திரை குத்துகிறவரும் அதையே சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. மரக் கட்டமைப்பு என் தொழில். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கரையான் தின்ற மரத்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? கான்கிரீட் வீட்டில்தானே? ஓசூரில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குடிவந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. கதவு நிலையை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நிலையின் இரண்டு காலையும் தரைக்குள் இறக்கிச் சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். தரை கழுவும் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. மரமும் பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி. கரையானுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தின்றுவிட்டதே என்று புலம்பினால் எப்படி?

நிலத்தடிக் கரையான் மண்ணில் வாழ்வது. ஈரம் இல்லாமல் அதனால் இருக்க முடியாது. அதனால்தான் வெளிச்சத்தையும் காற்றையும் தவிர்த்து, மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது. தூணை மண்ணிலிருந்து பிரித்துக் கல்லின்மேல் ஒன்றரை அடி உயர்த்தி நிறுத்திவிட்டால், அந்தக் குழாய் உங்கள் கண் முன்னால்தான் வரவேண்டும். மாதம் ஒருமுறை பார்த்துத் துடைப்பத்தால் தட்டிவிடலாம். சுவருக்குள் புதைந்த நிலையில் அது தெரியவே தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கருங்கல்லைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டுமா? வேலிக்கே கல்தூண் நடுகிற ஊர் இது.

ஜப்பானின் நாரா அருகே ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. உலகில் இன்றும் நிற்கும் மரக்கட்டிடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. அதன் ஐந்தடுக்குக் கோபுரத்தில் நடுத்தூணை மட்டும் மண்ணுக்குள் இறக்கி நட்டார்கள். புதைந்த அந்த அடி உளுத்துக் குழியாகிப் போனது. கல்லின்மேல் நிறுத்திய மற்ற தூண்கள் ஆயிரத்து முந்நூறு வருஷமாகத் தாங்குகின்றன. ஒரே கோபுரம், ஒரே காலம். இதைவிடத் தெளிவான பரிசோதனையை எந்த ஆய்வகமும் செய்து காட்ட முடியாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தக்கலைக்குப் பஸ் ஏறுங்கள். 1601 வாக்கில் தொடங்கிய பத்மநாபபுரம் அரண்மனை, இரண்டு பருவமழையும் கொட்டுகிற குமரி மாவட்டத்தில் நிற்கிறது. நீண்டு இறங்கும் இறவாணம், ஓட்டுக் கூரை, எங்கும் காற்றோட்டம். மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. அந்தக் காலத்துத் தச்சர்களுக்குச் சதவீதக் கணக்கு தெரியாது. கூரையை எவ்வளவு இறக்க வேண்டும் என்பது தெரியும்.

நம் பொறியாளர்கள் மரத்தை மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. காட்டைக் காக்க வேண்டும் என்று மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டிடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. அது 2020-இல்தான் நீங்கியது. இடையில் ஒரு தலைமுறையே மரத்தைத் தொடாமல் பட்டம் வாங்கிவிட்டது. மரத்தில் கட்டுவதற்கென்றே ஐ.எஸ். 883 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் கரையானைச் சாட்சிக்கு அழைப்பதை நிறுத்த வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

தீ? கனமான உறுதி மரம் எரியும்போது நிமிடத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் கரியாகும். எட்டு அங்குலத் தூண் அரை மணி நேரம் எரிந்தாலும் உள்ளே ஆறரை அங்குலத்துக்கு மேல் நல்ல மரம் மிஞ்சும். இரும்பு அறுநூறு டிகிரி வாக்கில் பாதி வலிமையை இழந்து தொய்ந்துவிடும். சமையல் கொட்டகையைத் தள்ளி வையுங்கள், போதும்.

யானை? அது செங்கல் சுவரையும்தான் தள்ளுகிறது. அதை இழுப்பது உள்ளே இருக்கும் கேழ்வரகு மூட்டையும் உப்பும். கூடத்தைக் களஞ்சியமாக்காதீர்கள். யானை நடக்கும் தடத்தில் கட்டவும் கட்டாதீர்கள்.

காட்டோரத்தில் கட்டவே விடமாட்டார்கள் என்பது அரை உண்மை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சமுதாயக் கூடம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. சரணாலய எல்லைக்குள் என்றால் வன உயிரினச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். என் யோசனை, ஊருக்குள் இருக்கும் நிலத்திலேயே கட்டுங்கள்.

காடு அழியும் என்கிறார்கள். 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் ஒரு கிளையைக்கூடத் தொட வேண்டியதில்லை. மரம் இருப்பது பட்டா நிலத்தில்: வரப்புத் தேக்கு, சில்வர் ஓக், வேம்பு. ஒரு கன மீட்டர் மரம் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை கரியமில வாயுவை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. சிமெண்டோ உலகக் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதத்துக்குப் பொறுப்பு. தடுப்புகளுக்கு உண்ணிச்செடி இருக்கிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அந்தக் களைச்செடியில்தான் நாற்காலி முடைகிறார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பதினைந்து வருஷத் தேக்கில் வெள்ளை அதிகம். அதைச் செதுக்கித் தள்ள வேண்டும், அல்லது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். அந்த மருந்து மழையில் கரைந்து போகும் என்பதால் அப்படிப்பட்ட கட்டையைக் கூரைக்கு அடியில் மட்டும் போடுங்கள்.

அதைவிடப் பெரிய குறை பச்சை மரம். வெட்டிய வாரமே இழைத்துப் பூட்டுகிறார்கள். அது காயக் காயச் சுருங்கிப் பொருத்து வாய் பிளக்கிறது, அந்தப் பிளவில் தண்ணீர் இறங்குகிறது. பத்து வருஷமாக ஒரே கோரிக்கையோடு அலைகிறேன்: ஒன்றியத்துக்கு ஒரு மரம் உலர்த்தும் கொட்டகை வேண்டும். நாலு கல்தூண், மேலே தகரம், பக்கமெல்லாம் திறப்பு, பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் துண்டு. பெரிய செலவே இல்லை. சந்தேகம் இருந்தால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, போய்க் கேட்கலாம். கொட்டகை இருந்தால் விவசாயி பச்சையாக வந்த விலைக்குத் தள்ளிவிட மாட்டார்.

நாட்றாம்பாளையத்துக் கூடத்துக்கான கிராம சபைத் தீர்மானம் கோப்பாகி, மேசை மேசையாக நகர்ந்து திரும்பிவர எப்படியும் ஒரு வருஷம் ஆகும். கட்டையை இப்போதே அறுத்து அடுக்கி வையுங்கள். அனுமதி கைக்கு வரும்போது மரமும் காய்ந்திருக்கும்.