முதலில் நகல், பிறகு ரிப்பேர்



கரண்ட் போய் வந்ததிலிருந்து உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் "டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்ய ரீஸ்டார்ட் செய்யவும்" என்று சொல்கிறது, செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். மகளின் கல்லூரி ப்ராஜெக்டும் குடும்பப் புகைப்படங்களும் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன என்று கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தால் ஓடப்போவது செக்டிஸ்க் என்ற பழைய புரோகிராம். அது உங்கள் ஃபைல்களுக்குக் காவல் அல்ல. நூலகத்தில் அட்டவணையைச் சரிபார்க்க வந்தவரைப் போன்றது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்ற கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடினாலோ, எந்த ஃபோல்டரிலும் சேராமல் ஒரு துண்டு கிடந்தாலோ, கணக்கு ஒத்துவரும்படி வெட்டி ஒட்டிவிடும். அநாதையான துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவைக்கும். லினக்ஸில் எஃப்எஸ்செக் செய்வதும் இதேதான். அங்கே அந்த ஃபோல்டருக்குப் பெயர் லாஸ்ட்+ஃபவுண்ட். இரண்டுமே "சரிசெய்தாயிற்று" என்று சொல்லி முடிக்கும்போது, உங்கள் புகைப்படம் ஒன்று பாதியாக அதில் கிடக்கலாம்.

கரண்ட் போனதுதானே காரணம் என்பீர்கள். எனக்குச் சந்தேகம். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி ஆன் ஆகும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். (குறிப்பில் இருப்பது அட்டவணை விவரம் மட்டும். அந்த நேரத்தில் சேமித்துக்கொண்டிருந்த கட்டுரைக்கு அது பொறுப்பல்ல.) ஒருமுறை பிழை வந்தால் கரண்டைத் திட்டலாம். வாரா வாரம் வருகிறது என்கிறீர்களே, அப்படியானால் டிஸ்கே தேய்ந்திருக்கலாம். கேபிளோ மெமரியோகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் ஒரு வெளி டிரைவை மாட்டி, ப்ராஜெக்டையும் படங்களையும் நகலெடுங்கள். மற்றவை பிறகு. விண்டோஸே திறக்கவில்லையென்றால், பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து ஆன் செய்து எடுக்கலாம். பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் ரிகவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது. அதை இப்போதே தேடி எடுத்துவையுங்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்-ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை நம்பி உட்காராதீர்கள். சில்லறைப் பிழைகளைத் திருத்திவிட்டு, மீதியை விண்டோஸின் தலையில் கட்டிவிடும்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகள்தான் முக்கியம். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் செக்டிஸ்க் கட்டளையில் /எஃப் போட்டு ஓடவிடுங்கள். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் ஓடும். அது ஓடி முடிகிறவரை பவர் பட்டனைத் தொடாதீர்கள். என்ன திருத்தியது என்பது பிறகு ஈவென்ட் வியூவரில் வின்இனிட் என்ற பெயரின் கீழ் கிடைக்கும்.

காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் செக்டிஸ்க்கில் /ஆர் போடவே வேண்டாம். கடைக்காரர் "ஃபுல் ஸ்கேன் பண்ணிடலாம் சார்" என்று சொல்வது இதைத்தான். அது டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கும். பெரிய டிஸ்கில் மணிக்கணக்கில் ஓடும். தேய்ந்த டிஸ்கை அப்படி ஓட்டினால் அதுவே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம். அந்த டிஸ்குக்கு ரிப்பேர் கிடையாது, புதிது வாங்குங்கள்.

நகலெடுத்த பிறகு அந்த இரண்டு செக்டர் எண்ணிக்கைகளையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்
உங்கள் பத்தியாளர்