ரிமோட்டுக்குப் பதில் கைத்தொலைபேசி

புங்குடுதீவு மடத்துவெளி போன்ற ஊர்களில் ரிமோட் பழுதானால் வாடிக்கையாளர் கடைக்காரரிடமே வருவார். "போனாலேயே டீவியை இயக்கலாமாமே?" என்பார். இயக்கலாம், ஆனால் எல்லாப் போனாலும் அல்ல. இதனை வர்த்தகர் அறிந்திருத்தல் அவசியம்.

வழிகள் இரண்டு. ஒன்று, சாதாரண ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்புக் கதிர். ஷாவ்மியின் பல போன்களில் இவ்வசதி உண்டு. 2013இல் வந்த சாம்சங் கலக்ஸி எஸ்4இலும் இருந்தது. ஐபோனில் இல்லை. இதற்கு இணையம் வேண்டாம். பழைய டீவிக்கும் உதவும்.

மற்றது வைஃபை. இது ஸ்மார்ட் டீவிக்கு மட்டுமே. போனும் டீவியும் பொதுவாக ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். டீவியில் வைஃபை கடவுச்சொல்லை முதன்முதலில் பதியப் பெரும்பாலும் ரிமோட்டே தேவை. ஆகவே, ரிமோட் நல்ல நிலையில் இருக்கும்போதே போனை இணைத்துக் கொடுங்கள்.

புதிய ரிமோட்டை விற்குமுன் பழையதைச் சோதியுங்கள். போனின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான போன்களில் ஊதா நிற ஒளி தெரியும். தெரியாவிட்டால் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பற்றரியோடு முடியும் வேலைக்கு ரிமோட்டை விற்றால் ஒருநாள் இலாபம் வரும். சிற்றூரில் வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும்.