ஒப்பந்தப்புள்ளியை ஊரார் அறிய வேண்டும்

சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுப்புறத்தில் ஓர் ஏரிக்குப் புதிய மதகு கட்ட வேண்டியுள்ளது என வைத்துக்கொள்வோம். மதகு உறுதியாக அமைந்தால் கடைமடைக்கும் நீர் பாயும். பழுதாக அமைந்தால் பயிர் வாடும். ஆகவே, அவ்வேலை எவரிடம், என்ன தொகைக்கு, எந்த அளவுகளின்படி ஒப்படைக்கப்படுகிறது என்பதை உழவர் அனைவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முன்னாளில் ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை அலுவலகத்திற்கு நேரில் சென்று பெற வேண்டியிருந்தது. போட்டியிடுவோர் இன்னார் என்பது முன்கூட்டியே வெளிப்பட்டுவிடும். சிலரைத் தடுத்து நிறுத்தவும், சிலர் தமக்குள் விலையைப் பேசி முடிக்கவும் இது இடமளித்தது. இக்குறையைக் களையும் பொருட்டு, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பெற்றது. அதன் விதிகள் 2000-இல் வகுக்கப்பெற்றன. உள்ளாட்சி மன்றங்களும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே. ரூ. 2 கோடி வரையிலான வேலைகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 30 நாட்களும் அவகாசம் அளித்தல் வேண்டும். அவகாசத்தைக் குறைப்பதாயின், மேலதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

இன்று கணினி இம்முறைக்குத் துணை நிற்கிறது. தேசியத் தகவலியல் மையம் அமைத்துள்ள மென்பொருளைக் கொண்டு தமிழக அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளம் இயங்குகிறது. ஒப்பந்ததாரர் தம் விலையை மின்னணுக் கையொப்பமிட்டு அதில் பதிவு செய்கிறார். அவ்விலை பூட்டிய பெட்டிக்குள் இருப்பதுபோல் மறைந்திருக்கும். குறித்த நேரத்திற்கு முன் அதைத் திறக்க இயலாது. திறக்கும்போதும் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் மட்டும் போதாது.

ஆயினும், கணினியால் ஆகாத காரியங்களும் உண்டு. ஒப்பந்ததாரர்கள் வெளியே கூடிப் பேசி விலையை உயர்த்துவதை அது தடுக்காது. கலவையில் சிமெண்டு குறைவதையும் அது காணாது. அவற்றைக் காண ஊராரின் கண்களே வேண்டும்.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

1. வேலையின் மதிப்பீடு, அளவுகள், கடைசி நாள் ஆகியவற்றை எளிய தமிழில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்திலும் வேலை நடக்கும் இடத்திலும் வைத்தல்.

2. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், வேலை பெற்றவரின் பெயரையும் தொகையையும் உரக்கப் படித்தல்.

3. விவரம் கிடைக்காதவிடத்து, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டல். பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும் என்பது சட்டம்.

இணையதளத்தில் கிடக்கும் செய்தி படிப்பாரின்றேல் பயன் தராது. வீட்டிற்கு ஒரு கைபேசி உள்ள இந்நாளில், படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் படித்துச் சொன்னாலே ஊர் முழுதும் அறியும். மதகு கட்டி முடிந்து நீர் கசிந்த பின் வருந்துவதைவிட, அடித்தளம் தோண்டும் முன்னரே கேட்டறிவது சாலச் சிறந்தது.