இரண்டையும் கற்பித்தல் நடுநிலையாகுமா?

உயிரினங்கள் காலப்போக்கில் படிப்படியாக மாறித் தோன்றின என்பது பரிணாமக் கொள்கை. அவற்றை இறைவன் படைத்தான் என்பது படைப்புக் கொள்கை. அமெரிக்க நாட்டின் அரசுப் பள்ளிகளில் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்க வேண்டுமா என்பது நெடுநாளைய வழக்கு. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு.

1925ஆம் ஆண்டில் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் எனக் கற்பிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அதனை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1927இல் அத்தீர்ப்பு நீங்கியது. சட்டமோ 1967 வரை நிலைத்தது. ஆர்கன்சா மாநிலத்தின் இத்தகைய தடையை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

தடை வீழ்ந்தபின் வாதம் வேறு உருக்கொண்டது. பரிணாமம் கற்பிக்கப்படுமாயின் படைப்புக் கொள்கைக்கும் சம இடம் தரவேண்டும் என ஆர்கன்சா, லூசியானா மாநிலங்கள் 1981இல் சட்டம் இயற்றின. ஆர்கன்சா சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களுள் கிறித்தவ சமயகுருமார்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. நீதிபதி ஓவர்ட்டன் 1982இல் அச்சட்டத்தை நீக்கினார். லூசியானா சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இரண்டிலும் சமயக் கருத்தை அரசுப் பள்ளியில் புகுத்தும் நோக்கமே காணப்பட்டது.

பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் 2004இல் பள்ளி வாரியம் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் கருத்தைச் சுட்டும் அறிக்கையொன்றை உயிரியல் வகுப்பில் படிக்கப் பணித்தது. அறிவியல் ஆசிரியர்கள் அதனைப் படிக்க மறுத்தனர். நிர்வாகத்தினரே வந்து படித்தனர். 2005 டிசம்பரில் நீதிமன்றம் ஆசிரியர் பக்கமே நியாயம் கண்டது.

இரு பக்கத்தையும் கூறுதல் அநேகாந்தம் அன்றோ என நம்மவர் வினவலாம். அன்று. ஒரு கூற்று எந்த நோக்கில் உரைக்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவதே அநேகாந்தம். அறிவியல், சான்றால் சோதித்துத் திருத்திக்கொள்ளும் நோக்கு. சமயம், நம்பிக்கையின் நோக்கு. ஒன்றன் உடையை மற்றொன்றிற்கு உடுத்தினால் இரண்டும் மயங்கும். சமயங்களைப் பற்றி வரலாற்று வகுப்பில் கற்பிக்க அமெரிக்காவில் தடையில்லை என்பதும் அறியத்தக்கது.

மேலும், உள்ளவை இரண்டே பக்கங்கள் என்பதும் பிழை. உலகம் தொடக்கமற்றது, படைத்தவர் எவருமிலர் என்பது நம் சமயக் கொள்கை. சம இடம் கோரிய சட்டங்களில் இதற்கு இடமேது? அதுபற்றி நம் கொள்கையையும் அறிவியல் பாடத்தில் சேர்க்கக் கோருவோமாயின், அவர்கள் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். அறக்கல்வி இல்லத்திலும் ஆலயத்திலும் சிறக்கட்டும். அறிவியல் வகுப்பு சான்றின் வழியே செல்லட்டும்.

சிந்தனைக்கு:
1. நடுநிலை, சம இடம் இவற்றிடையே வேறுபாடு யாது?
2. டோவர் ஆசிரியர்கள் மறுத்தது கடமை தவறியதா, கடமை காத்ததா?
3. நம் பிள்ளை பள்ளியில் கற்பதும் ஆகமம் உரைப்பதும் வேறுபடுமிடத்து, நாம் எவ்வாறு விடை கூறுவோம்?