இளையராஜா கட்சி, ரஹ்மான் கட்சி

கேள்வி: எங்கட நானா இளையராஜா கட்சி, நான் ரஹ்மான் கட்சி. சோறு தின்ன உட்கார்ந்தாலும் இதே சண்டைதான். அவங்க ரெண்டு பேருக்கும் உண்மையிலேயே பகையா? இல்லாட்டி பத்திரிகைக்காரர் மூட்டிவிட்டதா?
– வாசகர், மதுரங்குளி

பதில்: போட்டி இருந்தது. அதைப் பகையாக்கி விற்றவை பத்திரிகைகள்.

ரஹ்மான், திலீப் என்ற பெயரில் இளையராஜாவின் குழுவில் கீபோர்ட் வாசித்தவர். மணிரத்னம் தன் முதல் படத்திலிருந்து 'தளபதி' (1991) வரை இளையராஜாவோடுதான் வேலை செய்தார். அடுத்த ஆண்டு 'ரோஜா'வுக்கு 25 வயது ரஹ்மானை அழைத்தார். இயக்குநர் இசையமைப்பாளரை மாற்றுவது சினிமாவில் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் வாரப் பத்திரிகைகளுக்கு அதில் குருவும் சிஷ்யனும் மோதும் கதை கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டின் இசைக்கான தேசிய விருதுக்கு இளையராஜாவின் 'தேவர் மகன்', ரஹ்மானின் 'ரோஜா' இரண்டும் சம வாக்குப் பெற்று நின்றன. நடுவர் குழுத் தலைவர், நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா. 'மூடுபனி' தொடங்கித் தன் பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு இளையராஜாவையே நம்பியிருந்தவர் அவர். ஆனாலும் தன் வாக்கை ரஹ்மானுக்குப் போட்டார். அதன் பிறகு எடுத்த 'சதி லீலாவதி' படத்துக்கு மீண்டும் இளையராஜாவிடமே போனார், இளையராஜாவும் இசையமைத்துக் கொடுத்தார். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பெரிய மனக்குறை வேறு. அப்போது எழுதப்பட வேண்டிய செய்தி எழுதப்படவே இல்லை. இளையராஜா பாட்டின் முழு வாத்தியப் பகுதியையும் தாளில் எழுதிவிடுவார். பிரசாத் ஸ்டூடியோவில் கலைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து அதைப் பார்த்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, இரவில் கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, ஒலி மேல் ஒலியாக அடுக்கினார். தமிழ்ப் பாட்டு உருவாகும் முறையே மாறிக்கொண்டிருந்த காலம் அது. வயலின்காரர்களின் பிழைப்பிலிருந்து படத்தின் செலவுவரை எல்லாவற்றையும் தொட்ட மாற்றம். பத்திரிகைகளோ யார் பெரியவர் என்று வாசகர் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தன.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1995 ஆகஸ்டில் ப்ளர், ஒயாசிஸ் குழுக்களின் பாடல்கள் ஒரே நாளில் வெளியானபோது என்.எம்.இ. இதழ் குத்துச்சண்டைச் சுவரொட்டி மாதிரி அட்டை போட்டது. ப்ளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000 பிரதிகள் விற்றன. இரண்டுமே அந்தக் குழுக்களின் சிறந்த பாடல்கள் இல்லை என்பது என் கருத்து. அந்த வாரம் அதைப் பற்றிப் பேச எவருக்கும் நேரமிருக்கவில்லை.

உண்மையான தகராறு வந்தபோதும் இப்படித்தான். 2017இல் மேடையில் தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாதென்று இளையராஜா தரப்பு எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இசையமைத்தவருக்குப் பாட்டில் என்ன உரிமை, கச்சேரிக் கட்டணத்தில் அவர் பங்கு என்ன என்பது நியாயமான, கனமான கேள்வி. பெரும்பாலான செய்திகளில் அது நண்பர்கள் பிரிந்த கதையாகச் சுருங்கிவிட்டது. 2019இல் இருவரும் ஒரே மேடையில் பாடினார்கள். உரிமைக் கேள்வி இன்னும் நீதிமன்றங்களில் நடக்கிறது.

நானாவோடு சண்டையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ரசிகர்கள் வாதாடுவது நல்லதுதான். ஆனால் ஒருநாள் 'தளபதி'யையும் 'ரோஜா'வையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இயக்குநர் ஒருவர், இடைவெளி ஓராண்டுக்கும் குறைவு. வயலின்கள் எந்த இடத்தில் நுழைகின்றன, தாளத்தைத் தாங்குவது தோல் வாத்தியமா கீபோர்டா என்பதை இருவரும் கவனித்துவிட்டு, பிறகு கதையுங்கள்.